ஆக்ஸாலிபிளாட்டினும் விரல் நுனியும்: கீமோதெரபி நரம்பு பாதிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கீமோதெரபியால் வரும் நரம்பு பாதிப்பைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2014-ல் வெளியிட்டு 2020-ல் புதுப்பித்த வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. பாதிப்பைக் குறைக்க நம் கையில் உள்ள பெரிய கருவி, மருந்தின் மொத்த அளவை உரிய நேரத்தில் மட்டுப்படுத்துவதுதான். அந்த நேரம் எப்படிக் கை நழுவுகிறது என்பதைக் காட்டவே இந்த நிகழ்வு. இது தனி ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. இந்தச் சிகிச்சையில் திரும்பத் திரும்பக் காணும் போக்குகளை ஒரே நோயாளியாகத் தொகுத்து எழுதியது.

நோயாளி

வயது 57, பெண், தையல் தொழில். இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. நோயியல் அறிக்கை: டி3 என்1 (டி கட்டியின் ஆழம், என் நிணநீர் முடிச்சுப் பரவல்), அதாவது மூன்றாம் நிலை. 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருந்தது. உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர்.

திட்டமிட்ட சிகிச்சை ஃபோல்ஃபாக்ஸ் (5–எஃப்யூ, லூக்கோவோரின், பிளாட்டினம் வகை மருந்தான ஆக்ஸாலிபிளாட்டின் மூன்றும் சேர்ந்தது), 2 வாரத்துக்கு ஒருமுறை, 12 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸாலிபிளாட்டின் சதுர மீட்டருக்கு 85 மி.கி., அதாவது இவருக்கு 136 மி.கி. பன்னிரண்டும் முடிந்தால் மொத்தம் சதுர மீட்டருக்கு 1020 மி.கி. சேரும். நரம்பைப் பொறுத்தவரை கணக்கு வைக்க வேண்டியது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். சதுர மீட்டருக்கு 780–850 மி.கி.யைத் தாண்டும்போது கடுமையான பாதிப்பு தெளிவாகக் கூடத் தொடங்குகிறது. இந்த 12 சுற்று முறையை நிலைநிறுத்திய மொசைக் ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் மூன்றாம் கிரேடு (குளிப்பது, உடுத்துவதுகூடத் தடைப்படும் கடுமை) உணர்வு நரம்பு பாதிப்பு ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு வந்தது.

முதல் சுற்றுக்கு முன்

பலரும் தவறவிடும் கட்டம் இது. மருந்து ஏறுவதற்கு முன் நரம்பு எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் வரும் மதமதப்பில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இவருக்குச் செய்த சோதனைகளுக்கு 10 நிமிடம் ஆனது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரல் மூட்டு எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் "நின்னுடுச்சு" என்றதும் அதே கவையைப் பரிசோதிப்பவர் தன் விரல் மூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் 10 வினாடிக்கு மேல் தனக்கு அதிர்வு தெரிந்தால், நோயாளியின் உணர்வு குறைந்திருக்கிறது. நடுவில் ஓரிரு முறை தட்டாத கவையையும் வைக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தையே அதிர்வு என்று சொல்லிவிடுவார்கள். இவருக்கு இரு கால்களிலும் வித்தியாசம் 6 வினாடி. கணுக்கால் அனிச்சை மந்தமாக இருந்தது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையின் தொடுகை தெரிந்தது. சட்டைப் பொத்தான் ஐந்தைப் போட 24 வினாடி. கண்ணை மூடி நிற்கும்போது தள்ளாடவில்லை.

ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 168 பைகோகிராம். 200-க்குக் கீழ் என்றால் குறைபாடு. நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் இது சாதாரணம். சரிசெய்யக்கூடிய நரம்பு பாதிப்பு என்பதால் விட்டுவிடக் கூடாது. 1000 மைக்ரோகிராம் ஊசி வாரம் ஒன்றாக நான்கு, பிறகு மாதம் ஒன்று. கீமோ தொடங்கிய பிறகு இதைத் தசையில் போடும் ஒவ்வொரு முறையும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. 12 சுற்று வேண்டுமா, 6 போதுமா என்ற பேச்சே எழவில்லை. 2018-ல் வெளியான ஐடியா கூட்டாய்வு, 12,834 நோயாளிகளிடம் 3 மாதச் சிகிச்சையையும் 6 மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. இரண்டாம் கிரேடோ அதற்கு மேலோ நரம்பு பாதிப்பு, ஃபோல்ஃபாக்ஸில் 3 மாதத்துக்கு 17 சதவீதம், 6 மாதத்துக்கு 48 சதவீதம். கேப்பாக்ஸில் (கேபசிடபின் மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டினும்) 15-ம் 45-ம். டி1 முதல் டி3 வரை, என்1 என்ற குறைந்த ஆபத்துப் பிரிவில் 3 ஆண்டு நோயற்ற வாழ்வு 3 மாதத்துக்கு 83.1 சதவீதம், 6 மாதத்துக்கு 83.3; கிட்டத்தட்ட ஒன்றே. 3 மாதம் சளைத்ததல்ல என்று நிறுவப்பட்டது கேப்பாக்ஸுக்குத்தான், ஃபோல்ஃபாக்ஸுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. ஆனாலும் இவர் குறைந்த ஆபத்துப் பிரிவு. கால் நரம்பு ஏற்கெனவே மந்தம். பிழைப்பு விரல் நுனியில். 3 மாதக் கேப்பாக்ஸ் என்ற வழியை முதல் நாளே இவர் முன் வைத்திருக்க வேண்டும்.

குளிரால் வருவது வேறு, தங்கிவிடுவது வேறு

இரண்டாம் சுற்று முடிந்த மறுநாள் குளிர்ந்த நீர் குடித்ததும் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டது போல் இருந்தது என்று பதறி வந்தார். ஆக்சிஜன் 98 சதவீதம், ரத்த அழுத்தம் சரி, தோலில் தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. இது ஒவ்வாமை அல்ல. ஆக்ஸாலிபிளாட்டினுக்கே உரிய தொண்டை உணர்வுக் கோளாறு. மருந்து உடைந்து வரும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பின் சோடியம் வாயில்கள் நிலைகுலைகின்றன. குளிர் பட்டதும் நரம்பு தன்னிச்சையாகத் துடிக்கிறது. உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் பல சுற்றுகளுக்குப் பிறகு, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அரிப்பு, தடிப்பு, அழுத்த வீழ்ச்சியோடு வரும். இரண்டையும் குழப்பினால் ஒன்று தேவையில்லாமல் மருந்து நிற்கும், அல்லது ஆபத்தான மருந்து தொடரும்.

மூன்றாம் சுற்றிலிருந்து 2 மணி நேரத்துக்குப் பதிலாக 6 மணி நேரத்தில் மருந்து ஏற்றப்பட்டது. ஏற்றிய பின் 5 நாளைக்குக் குளிர்ந்த பானம் வேண்டாம், குளிர்பெட்டியில் வெறுங்கையை விட வேண்டாம், குளிர்காற்றில் மூக்கையும் வாயையும் துணியால் மூட வேண்டும், தொண்டை பிடித்தால் வெதுவெதுப்பான நீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும் என்று எழுதியே கொடுக்கப்பட்டது. கால்சியம்–மெக்னீசியம் டிரிப் ஏற்றும் பழைய வழக்கம் வேண்டாம் என்று முடிவானது. 353 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான சோதனையில் அதனால் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அதே மூன்றாம் சுற்றில் ஒரு தவறு நேர்ந்தது. பக்கத்துப் படுக்கையில் பாக்லிடாக்ஸல் என்ற வேறொரு கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தவருக்கு உறைகுளிர்க் கையுறை மாட்டியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் இவருக்கும் ஒரு ஜோடி மாட்டப்பட்டது. இரண்டே நிமிடத்தில் விரல்கள் கொக்கி போல் மடங்கி, மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி. உடனே கழற்றி வெதுவெதுப்பான துணியில் சுற்றியதும் அடங்கியது. பாக்லிடாக்ஸலுக்குக் குளிர் உதவுவதற்குக் காரணம், ரத்த நாளம் சுருங்கி விரலுக்குப் போகும் மருந்து குறைவதுதான். மருந்துக்கு முன் 15 நிமிடம், ஏறும் 60 நிமிடம், முடிந்த பின் 15 நிமிடம், இடையில் ஒருமுறை கையுறை மாற்றம் என்று 90 நிமிடம் போடுவது வழக்கம். தோல் உறைந்து புண்ணாகாமலிருக்க உள்ளே மெல்லிய துணி வேண்டும். குளிர் தாங்காதவர்களுக்கு ஒரு அளவு சிறிய அறுவை சிகிச்சைக் கையுறையை இரட்டையாகப் போட்டு இறுக்கும் முறையும் உண்டு. ஆக்ஸாலிபிளாட்டினிலோ குளிரே நோயைத் தூண்டும். ஒரே அறையில் இரு மருந்தும் ஓடும் இடங்களில் டிரிப் ஸ்டாண்டிலேயே 'குளிர் கூடாது' என்று அட்டை தொங்கவிடுவது எளிய காப்பு.

ஐந்தாம் சுற்றில் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தபோது இரண்டு புட்டிகள் கிடைத்தன: அசிட்டைல்–எல்–கார்னிடின், கூடவே தினம் 100 மி.கி. பி6. இரண்டும் "நரம்புக்கு நல்லது" என்று யாரோ சொல்லி வாங்கியவை. டாக்ஸேன் (பாக்லிடாக்ஸல் வகை) சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் கார்னிடினைச் சோதித்து 2013-ல் வந்த முடிவு கசப்பானது: 24 வாரத்தில் நரம்பு பாதிப்பு போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம். பி6 அதிக அளவில் நெடுநாள் சேர்ந்தால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும். இரண்டும் நிறுத்தப்பட்டன. 'வேறு மாத்திரை ஏதாவது?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். வைட்டமினை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் சுற்று

ஆறாம் சுற்றுக்கு வந்த நாள் நடந்த உரையாடல்:

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவாயில்ல சிஸ்டர். கொஞ்சம் மதமதப்புதான்."

கோப்பில் 'கிரேடு 1' என்று பதிவாகி முழு அளவு மருந்து ஏறியது. ஏழாம் சுற்றிலும் இதே கேள்வி, இதே பதில், அதே அளவு.

தவறு கேள்வியில் இருக்கிறது. சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் நோயாளி குறைத்துத்தான் சொல்வார். கேட்க வேண்டியது வேறு. நேற்றும் இன்று காலையும் மதமதப்பு இருந்ததா? முதல் சில சுற்றுகளில் நாலைந்து நாளில் போனது இப்போது 14-ஆம் நாளும் இருக்கிறதா? இருந்தால் அது குளிரால் வந்த தற்காலிகக் கோளாறு அல்ல, நிலைக்கத் தொடங்கிய பாதிப்பு. ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? சாவியைத் திருப்பும்போது எத்தனை முறை நழுவுகிறது? இருட்டில் படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறீர்களா? செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தீர்களா?

எட்டாம் சுற்றுக்கு முன்தான் பொத்தான் சோதனை மறுபடி செய்யப்பட்டது. 24 வினாடி 58 ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்துவிட்டன. ஆனால் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை, குனிந்து கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே ஓட்டைக்குள் தள்ளினார். விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் பழுத்த புண் ஒன்று. ஊசி குத்தியதே தெரியாமல் இரண்டு நாள் விட்டிருக்கிறார். ஒரு மாதமாக நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. அன்றாட வேலையைத் தடுக்கும் பாதிப்பு என்பதால் இது கிரேடு 2. குளிப்பது, உடுத்துவது, உண்பது தடைப்பட்டால் அது கிரேடு 3.

அதுவரை சேர்ந்த அளவு சதுர மீட்டருக்கு 595 மி.கி. துணைச் சிகிச்சையில் (அறுவைக்குப் பின் தரும் கீமோவில்) நீங்காத கிரேடு 2 வந்தால் அளவை 85-லிருந்து 75-ஆகக் குறைக்கவும், நீங்காத கிரேடு 3 வந்தால் நிறுத்தவும் மருந்தின் குறிப்பேடு சொல்கிறது. அதன்படி எட்டாம் சுற்றில் 75 மி.கி. ஏறியது, மொத்தம் 670. ஒன்பதாம் சுற்றுக்கு முன் எந்த முன்னேற்றமும் இல்லாததால் ஆக்ஸாலிபிளாட்டின் நிறுத்தப்பட்டு, 5–எஃப்யூவும் லூக்கோவோரினும் மட்டும் 12 சுற்றுவரை தொடர்ந்தன.

விதிப்படி பார்த்தால் குறை இல்லை. ஆனால் 14-ஆம் நாளும் மதமதப்பு நிற்காதது முதலில் தெரிந்த ஆறாம் சுற்று, சரியாக 3 மாதக் கணக்கு முடியும் இடம். 'இத்துடன் ஆக்ஸாலிபிளாட்டின் போதுமா?' என்று நோயாளியோடு உட்கார்ந்து பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அந்த நாள் 'பரவாயில்ல' என்ற ஒரு சொல்லில் போய்விட்டது.

நிறுத்திய பிறகு ஏன் மோசமானது?

ஆக்ஸாலிபிளாட்டின் நின்று 3 மாதத்தில் இவருடைய நிலை மேலும் கீழிறங்கியது. பொத்தான் 2 நிமிடத்திலும் முடியவில்லை. கண்ணை மூடினால் தள்ளாடினார். கணுக்கால் அனிச்சை அறவே இல்லை. பாதத்தில் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி", இரவில் எரிச்சல், அவ்வப்போது சுளீர் என்ற குத்தல். வலி 10-க்கு 6. கிரேடு 3.

வண்டியின் பிரேக்கை மிதித்த பிறகும் சிறிது தூரம் உருளுவது போன்றது இது. தண்டுவடத்துக்கு வெளியே இருக்கும் முதுகு வேர் முடிச்சுகளில்தான் உணர்வு நரம்பின் செல் உடல்கள் உள்ளன. அங்குள்ள நுண் ரத்தக் குழாய்கள் சல்லடை போன்றவை. மூளைக்கு இருப்பது போன்ற ரத்தத் தடுப்பு அங்கே கிடையாது. பிளாட்டினம் உள்ளே புகுந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது, நெடுநாள் தங்குகிறது. செல் மெல்ல நலிய, அதன் நீண்ட இழை நுனியிலிருந்து பட்டுப்போகிறது. அதனால்தான் முதலில் கால்விரல், பிறகு கைவிரல். நிறுத்திய பிறகும் 2 முதல் 6 மாதம்வரை பாதிப்பு ஏறக்கூடும். ஆகவே கிரேடு 2-ல் நிறுத்துகிறோம் என்றால் அது கிரேடு 2-லேயே நிற்கும் என்று எண்ணக் கூடாது. இதை நோயாளிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், நோய் திரும்பிவிட்டது என்றே அஞ்சுவார்.

இந்தக் கட்டத்தில் வேறு காரணங்களையும் தேடியாக வேண்டும். பி12 இப்போது 480, தைராய்டு சரி, எச்பிஏ1சி 7.2. நரம்புக் கடத்தல் சோதனையில் கெண்டைக்கால் உணர்வு நரம்பின் அலை கிட்டத்தட்ட இல்லை. இயக்க நரம்புகள் நன்றாக இருந்தன. பிளாட்டினத்தின் முத்திரை இதுதான்: உணர்வு போகும், பலம் போகாது. தொடை பலவீனம், ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு, வயிற்றில் ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் மரத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கீமோ மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. தண்டுவடத்தை அன்றே எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். கேபசிடபின் எடுப்பவர்களிடம் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து எரிந்தால் அது கை–கால் தோல் நோய். அதற்கு வைத்தியம் வேறு.

வலிக்கு

சோதனையில் தேறிய மருந்து ஒன்றே ஒன்று: மனச்சோர்வுக்கும் தரப்படும் டுலோக்ஸெட்டின். 231 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் முதல் வாரம் 30 மி.கி., பிறகு 4 வாரம் 60 மி.கி. கொடுத்தார்கள். வலி சிறிதேனும் குறைந்தது என்றவர்கள் 59 சதவீதம்; போலி மாத்திரையில் 38. டாக்ஸேனைவிட ஆக்ஸாலிபிளாட்டின் வலிக்கு இது கூடுதலாகக் கேட்டது.

இவருக்கும் அதே அளவு. கொடுக்கும் முன் ஈரல் சோதனை, சிறுநீரக வடிகட்டு அளவு 30-க்கு மேல் உள்ளதா, குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கப்பட்டது. முதுகு வலிக்கு வேறொரு மருத்துவர் எழுதிய டிரமடால் என்ற வலி மருந்து நிறுத்தப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கும் டுலோக்ஸெட்டினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்த மருந்தைச் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதியை டுலோக்ஸெட்டின் ஓரளவு முடக்குகிறது.

முதல் வாரம் குமட்டல் படுத்தியது. வெறும் வயிற்றில் எடுப்பதை நிறுத்தியதும் குறைந்தது. ஐந்தாம் வாரம் வலி 6-லிருந்து 3. மதமதப்பு இம்மியும் மாறவில்லை. இந்த மருந்து வலிக்கு. போன உணர்வை மீட்காது. இதைச் சொல்லாமல் கொடுத்தால் "வேலை செய்யல" என்று நோயாளி பத்தே நாளில் நிறுத்திவிடுவார். அதேபோல, 60 மி.கி.யில் ஐந்து வாரம் போயும் வலி குறையாதவர்களுக்கு இழுத்துக்கொண்டே போகாமல் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். காபாபென்டின் இந்த வலிக்கென்று நடந்த சோதனையில் தேறவில்லை. அது தரும் மயக்கம், ஏற்கெனவே தள்ளாடுகிறவரைக் கீழே தள்ளிவிடும். பேக்லோஃபென், அமிட்ரிப்டிலின், கெட்டமின் கலந்த களிம்பால் சிறு பலன். ஒரு சிறு இடத்தில் மட்டும் வலி இருப்பவருக்கு முயலலாம்.

சமநிலைப் பயிற்சி

மருந்தைவிட இதில்தான் நம்பிக்கை தரும் தரவு இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டினோ வின்கா வகைக் கீமோ மருந்தோ (வின்கிறிஸ்டின் போன்றது) பெற்றவர்களிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையோடு சேர்த்தே வாரம் இருமுறை 15 முதல் 30 நிமிடம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் நரம்பு பாதிப்பு 30 சதவீதத்தினருக்கு. செய்யாதவர்களில் சுமார் 70. பங்கேற்றவர்கள் குறைவுதான் என்றாலும், கேடு விளைவிக்காத, செலவில்லாத ஒன்றுக்கு இவ்வளவு வித்தியாசம் புறக்கணிக்கத்தக்கதல்ல.

இவருக்குத் தாமதமாகவே தொடங்கியது. சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் நாற்காலி வைத்து நிற்க வேண்டும். கால் அகட்டி, பிறகு சேர்த்து, பிறகு ஒரு காலின் குதி மறுகாலின் விரலைத் தொட, பிறகு ஒற்றைக் காலில். ஒவ்வொரு நிலையும் 20 வினாடி, மூன்று முறை. ஒரு நிலை தள்ளாடாமல் வந்த பிறகே அதைக் கண் மூடிச் செய்வதும், அதற்குப் பிறகு மடித்த போர்வை மேல் நின்று செய்வதும். எளிதாக வரும் நிலையிலேயே நின்றுவிட்டால் பயனில்லை. சற்றே தடுமாறும் எல்லையில்தான் நரம்பு கற்றுக்கொள்கிறது.

வீட்டில் செய்தவை: குளிக்கும் நீரின் சூட்டை விரலால் அல்ல, முழங்கையால் பார்ப்பது. கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு. பின்வார் உள்ள காலணி. மாட்டும் முன் உள்ளே தட்டிப் பார்ப்பது. இரவில் பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பது. தையல் மேசையில் நூல் கோக்கும் கருவி, விரலுறை. இஸ்திரிப் பெட்டி வேலை மட்டும் வேறு கைக்கு மாறியது. சூடு தெரியாத விரலுக்கு அது ஆகாது.

மற்ற மருந்துகளில்

வின்கிறிஸ்டினில் ஒரு வேளைக்கு 2 மி.கி. என்ற உச்ச வரம்பு பரவலாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அங்கே மலச்சிக்கலே நரம்பு பாதிப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்ட்டிசோமிப்பை ரத்த நாளத்தில் ஏற்றாமல் தோலடியில் போட்டால் நரம்பு பாதிப்பு 53 சதவீதத்திலிருந்து 38-ஆக இறங்கியது. நோயின் மீதான பலன் குறையவில்லை. ஊசி போடும் இடத்தை மாற்றியதே இவ்வளவு செய்தது.

18-ஆம் மாதம்

பன்னிரண்டாம் மாதம் கிரேடு 1-க்கு வந்தார். டுலோக்ஸெட்டின் இரண்டு வாரம் 30 மி.கி.யாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. 18-ஆம் மாதம் பொத்தான் சோதனை 33 வினாடி. ஸ்கேனில் நோய் இல்லை. இயந்திரத் தையல் மீண்டும் தொடங்கிவிட்டார். கைத்தையல் ஒரு மணி நேரத்துக்கு மேல் முடிவதில்லை. கணுக்கால் அனிச்சை திரும்பவில்லை. இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தால் இன்னும் 11 வினாடி முன்பே "நின்னுடுச்சு" என்கிறார்.